ஊரைத் தன் ஊராக்கிக்கொண்ட வணிகர்: சர் ராபர்ட் ஸ்டேன்ஸ்

 

 

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மக்களுக்கு மில் சங்கின் ஓசை புதிதன்று. பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லை நிறுவியது 1936ஆம் ஆண்டு. அதே ஆண்டில் கோயம்புத்தூரில் ஏறக்குறைய 95 வயது நிரம்பிய ஒரு முதியவர் காலமானார். அந்நகரின் முதல் நூற்பாலையை அமைத்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரே அவர். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். நம் நாட்டில் பிறந்தவரும் அல்லர். எனினும் நன்மை எவரிடம் காணப்பட்டாலும் அதைக் கவனித்துப் படிப்பினை பெறுவது முஃமினின் பண்பு என்பதால் அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

ராபர்ட் ஸ்டேன்ஸ் 1841ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். 1858ஆம் ஆண்டு, சுமார் 17 வயது இளைஞராகத் தாயகத்தைத் துறந்து இந்தியா வந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முந்திய காலம் அது. அவருடைய சகோதரர்கள் அப்போது நீலகிரியின் குன்னூர்ப் பகுதியில் காப்பித் தோட்டம் வைத்திருந்தனர். அவர்களுடன் சேர்ந்து அவர் தொழில் கற்றார்.

மலையில் மூடுபனியும் ஈரமும் அதிகம். காப்பிக் கொட்டை நன்கு உலர வேண்டுமாயின் சமவெளியின் வெயில் தேவை. மலை ரயில் 1899ஆம் ஆண்டில்தான் குன்னூரை அடைந்தது. அதற்கு முன்பு மூட்டைகளை மலைப்பாதை வழியே இறக்கிக் கொண்டுவருவதே பெரும்பாடு. அவ்வாறு வரும் கொட்டையை உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் தொழிலை 1861ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் தொடங்கினார். அன்று அது ஒரு சிறிய ஊர்.

ஜமாஅத்தார்களே, அடுத்த செய்தியைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். தொழில் தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 1862ஆம் ஆண்டில், அவர் அவ்வூரில் ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 21 அளவே. நூற்பாலை அவர் கைக்கு வருவதற்கு இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. ஆலை முதலாளி ஆன பிறகு பள்ளி கட்டியவர் அல்லர் அவர். பள்ளி கட்டிய பிறகே ஆலை முதலாளி ஆனவர்.

1866ஆம் ஆண்டு கோயம்புத்தூர் நகராட்சி அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. தெரு, விளக்கு, துப்புரவு என்று பிறருடைய வீட்டுவாசற் காரியங்களைச் சுமக்கும் பொறுப்பு அது. 1888ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் உருவாயிற்று. மக்கள் அதனை ஸ்டேன்ஸ் மில் என்றே அழைத்தனர். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண் இருந்தும் அதுவரை அவ்வூரில் நூற்பாலை இருந்ததில்லை. அதன்பின் 1910ஆம் ஆண்டில் லட்சுமி மில் முதலாகப் பல ஆலைகள் உள்ளூர்ப் பெருமக்களால் எழுந்தன. ஸ்டேன்ஸுக்கு 1920ஆம் ஆண்டில் ஆங்கில அரசு சர் பட்டம் வழங்கியது.

உண்மையை மறைத்து ஒருவரைப் புகழ்வது அமானிதம் ஆகாது. அவர் ஆளும் இனத்தைச் சார்ந்தவர். அதனால் கிடைத்த வசதிகள் இந்நாட்டு வணிகர்க்குக் கிட்டாதவை. அவருடைய பள்ளி தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காகவே நடந்தது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அன்று அங்கு இடமில்லை. நம் நாட்டுத் துணி ஆலைகளில் வளர்ந்த ஆண்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்ற வரம்பே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது எனில், அக்காலத் தொழிலாளர் பட்ட பாட்டை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் பிற்காலத்தில் அப்பள்ளியின் கதவு எல்லாச் சமூகத்தார்க்கும் திறந்தது. அவர் பெயரிலான நிறுவனமும் ஆலையும் காலப்போக்கில் வேறு கைகளுக்கு மாறின. பள்ளியோ 160 ஆண்டுகளைக் கடந்து, அவிநாசி சாலையில் இன்றும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர்களின் சரிதையிலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. ஹிஜ்ரத் செய்து வெறுங்கையுடன் மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதை ஏற்காமல், கடைவீதிக்கு வழி கேட்டுச் சென்று வணிகம் செய்தார்கள். பெரும் செல்வந்தர் ஆனார்கள். அந்தச் செல்வத்தை அல்லாஹ்வின் பாதையில் வாரி வழங்கினார்கள். வந்த ஊருக்குச் சுமையாக இராமல், அவ்வூரின் சுமையைத் தாங்குபவராக மாறுவதே வணிகனுக்கு அழகு.

இன்று நம் மஹல்லாக்களின் பிள்ளைகள் திருப்பூரிலும் கேரளத்திலும் வளைகுடாவிலும் உழைக்கின்றனர். கல்விக்கென ஏதேனும் செய்யுங்கள் என்று கேட்டால், முதலில் சம்பாதித்துக்கொள்கிறோம், வீடு கட்டிக்கொள்கிறோம், பிறகு பார்க்கலாம் என்பதே பலருடைய பதில். அந்தப் பிறகு என்பது வருவதற்குள் மவுத்து வந்துவிடுகிறது. ஸதகத்துல் ஜாரியா என்னும் நிலையான தர்மத்திற்கு முதுமையும் பெருஞ்செல்வமும் நிபந்தனைகள் அல்ல. ஓர் ஏழைப் பிள்ளையின் ஓராண்டுக் கட்டணமும், மக்தபுக்கு வாங்கித் தரும் ஒரு கரும்பலகையும் இன்றே செய்யக்கூடியவை.

அவரவர் கூலியை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் அவகாசத்தை உரிய காலத்தில் பயன்படுத்திக்கொள்ளும் நற்பாக்கியத்தை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.