19 நாளில் லண்டன் – டார்வின்: தனியாகப் பறந்த ஏமி ஜான்சன்

லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு இன்று ஏறத்தாழ 13 மணி நேரத்தில் வந்துவிடலாம். 1930ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி லண்டனின் குரோய்டன் விமான நிலையத்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்ட ஏமி ஜான்சன், 14ஆம் நாளில்தான் சிங்கப்பூரின் சிலேத்தாரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 26.

இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாக 1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிறந்தவர் ஏமி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டவும் பழுதுபார்க்கவும் கற்று, 1929ல் இரண்டுக்கும் உரிமம் பெற்றார். விமானப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

தந்தையும் எண்ணெய் வணிகர் வேக்ஃபீல்டு பிரபுவும் பண உதவி செய்ய, 600 பவுண்டுக்குப் பழைய ‘ஜிப்சி மோத்’ விமானம் ஒன்றை வாங்கி, அதற்கு ‘ஜேசன்’ எனப் பெயரிட்டார். அதுவரை அவர் பறந்திருந்த ஆக நீண்ட தொலைவு, லண்டனிலிருந்து சொந்த ஊரான ஹல் வரைதான். விமானத்தில் வானொலித் தொடர்பு கிடையாது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை எட்ட, பெர்ட் ஹிங்க்லர் 1928ல் எடுத்துக்கொண்ட பதினைந்தரை நாளை முறியடிப்பதே ஏமியின் இலக்கு. ஆறே நாளில் கராச்சியை அடைந்து, ஹிங்க்லரை இரண்டு நாள் முந்தினார். ஆனால், ரங்கூன் அருகே விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் சிக்கிச் சேதமடைந்தது. அங்கிருந்த தொழில்நுட்பக் கழகத்தினர் அதைச் சரிசெய்ய உதவினர். அந்தத் தாமதத்தால் சாதனை கைநழுவியது.

மே 24ஆம் தேதி, பத்தொன்பதரை நாளில் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டரைக் கடந்து டார்வினில் இறங்கினார். நான்கு நாள் பிந்தினாலும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெருமை அவருக்கே உரியதானது. 1932ல் லண்டன் – கேப் டவுன் பயணத்தில், தம் கணவரும் விமானியுமான ஜிம் மோலிசனின் சாதனையையே முறியடித்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களை இடம்விட்டு இடம் கொண்டுசேர்க்கும் துணைப்பிரிவில் ஏமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் தேதி பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபர்டு அருகிலுள்ள தளத்துக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மோசமான வானிலையில் வழி தவறியவர், தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் பாராசூட் மூலம் குதித்தார். கடும் குளிர்நீரில் இறங்கி அவரைக் காப்பாற்ற முயன்ற கடற்படைக் கப்பல் தலைவர் வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார்.

37 வயதில் மறைந்த ஏமியின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அவரைச் சிங்கப்பூர் வழியாக டார்வின்வரை சுமந்துசென்ற ‘ஜேசன்’, லண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.