பயணிகளின் உயிரில் சமரசம் செய்யாத ஜே.ஆர்.டி. டாடா

இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் என்றே ஜே.ஆர்.டி. டாடாவைப் பலரும் அறிவர். தனக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாத அவர், பயணிகளை ஆபத்துக்கு உட்படுத்தும் திட்டங்களை அரசே முன்மொழிந்தபோதும் எதிர்த்தார் என்பது அவரது வாழ்வின் அதிகம் பேசப்படாத பக்கம்.

1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தவர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. 15 வயதில் பிரான்ஸில் முதன்முதலாக விமானத்தில் ஏறிய அவர், 1929 பிப்ரவரி 10 அன்று உரிமம் பெற்றார். மறு ஆண்டே இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறப்பதற்கான ஆகா கான் போட்டியில் பங்கேற்றார். எகிப்தின் அபுகிர் விமான நிலையத்தில், ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த போட்டியாளர் ஆஸ்பி இன்ஜினியருக்குத் தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். பரிசை வென்றவர் ஆஸ்பி. பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தளபதியானார்.

ரேடியோ இல்லாத வானில்

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் பைகளுடன் புஸ் மாத் விமானத்தை ஜே.ஆர்.டி. ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இந்திய விமான சேவையின் தொடக்கம் இதுவே.

விமானத்தில் ரேடியோ இல்லை. தரையில் வழிகாட்டும் கருவிகளும் இல்லை. மழைக்காலத்தில் ஜுஹு விமானத் திடல் நீரில் மூழ்கிவிடும் என்பதால், அம்மாதங்களில் சேவை புனேவுக்கு மாற்றப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பருவமழையில் கடக்க வேண்டியிருந்தும், முதல் ஆண்டில் தபால் ஒருமுறைகூடத் தாமதமாகவில்லை.

இரவுத் தபால் சர்ச்சை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டகோட்டா விமானங்கள் மலிவு விலையில் கிடைத்தன. நாட்டின் தேவையை மீறிப் பல நிறுவனங்களுக்கு அரசு உரிமம் அளித்தது. போதிய வருவாய் இல்லாமல் நிறுவனங்கள் நலிவடையும் என்று ஜே.ஆர்.டி. எச்சரித்தார். அவ்வாறே சில நிறுவனங்கள் மூடப்பட்டன.

1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் சேவையைத் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் தொடங்கியபோது கருத்து வேறுபாடு முற்றியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாக்பூரில் கூடி, தபாலையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பும். இரவில் பாதுகாப்பாகத் தரையிறங்கப் போதிய வசதிகள் அமையும் முன்னரே இதைத் தொடங்குவது தவறு என்று ஜே.ஆர்.டி. வெளிப்படையாக எதிர்த்தார். ஆனால் அரசு பின்வாங்கவில்லை.

அச்சேவை பல ஆண்டுகள் மக்களுக்குப் பயன்பட்டது உண்மை. எனினும் 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரிலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்று விழுந்து 13 பேர் உயிரிழந்தனர். விமானி ஒருவரே பிழைத்தார்.

ஏர் இந்தியாவின் இழப்புகள்

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் ஏர் இந்தியாவின் தலைவராக ஜே.ஆர்.டி. கால் நூற்றாண்டு பணியாற்றினார். தன் பயணங்களில் இருக்கை, திரைச்சீலை, தேநீரின் நிறம் வரை கண்ட குறைகளைக் குறித்துக்கொண்டு வந்து அதிகாரிகளுக்கு அனுப்புவது அவரது வழக்கம்.

அத்தகைய நிறுவனத்தையும் விபத்துகள் விட்டுவைக்கவில்லை. 1966 ஜனவரி 24 அன்று கஞ்சன்ஜங்கா என்ற போயிங் 707 விமானம் ஐரோப்பாவின் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா உள்ளிட்ட 117 பேர் பலியாயினர். விமானத்தின் வழிகாட்டும் கருவிகளில் ஒன்று பழுதாகியிருந்தது. மலைக்கு உள்ள தூரம் குறித்துக் கட்டுப்பாட்டு நிலையம் தெரிவித்ததை விமானி தவறாகப் புரிந்துகொண்டு, மலையைக் கடந்துவிட்டதாக எண்ணிக் கீழிறங்கினார்.

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய எம்பரர் அசோகா என்ற ஜம்போ விமானம் ஓரிரு நிமிடங்களுக்குள் பாந்த்ரா கடற்பகுதியில் விழுந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி கேப்டனின் பக்கத்தில் பழுதடைந்திருந்தது. இருண்ட கடலின் மேல் அடிவானம் தெரியாத நிலையில், மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை நம்பியதே முடிவுக்கு வழிவகுத்தது.

அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து விலக்கியது.

மீண்டும் ஒரு பயணம்

1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே வழித்தடத்தில் சிறிய லெப்பர்ட் மாத் விமானத்தை அவர் தனியாக ஓட்டிவந்தார். 1992இல் பாரத ரத்னா பெற்றார். 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமானார்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடா குழுமத்தின் வசமானது. 1932இல் ஜே.ஆர்.டி. எரிபொருள் நிரப்ப இறங்கிய அகமதாபாத்தில், 2025 ஜூன் 12 அன்று அந்நிறுவனத்தின் விமானம் விழுந்து தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் உயிரிழந்தனர். ஆயத்தமாகும் முன் பறக்கக் கூடாது என்று 1949இல் அவர் முன்வைத்த வாதம், விமான சேவை பெருகிவரும் இன்றைய இந்தியாவுக்கும் பொருந்தும்.