எந்தக் கடற்கரை? மேரி அனிங்கின் கதை

எங்கள் தளத்தில் வரும் கட்டுரைகளுக்கு முகப்பில் போடும் ஒற்றை வரியை எழுதுவது பெரும்பாலும் என் வேலை. வாசகரைக் கொஞ்சம் சீண்டி உள்ளே இழுக்க வேண்டும். முழுவதையும் சொல்லிவிடக் கூடாது. சில மாதங்களுக்கு முன்னர் இங்கிலாந்தின் மேரி அனிங் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு விளையாட்டாக ஒரு வரி எழுதினேன். கடற்கரையில் தோண்டிய 12 வயதுச் சிறுமி, மண்ணுக்குள் இருந்து வந்தது எலும்புக்கூடு என்பதுதான் அந்த வரி. ஊரும் போடவில்லை, ஆண்டும் போடவில்லை. போட்டால் யார் அழுத்திப் பார்ப்பார்கள் என்பது என் கணக்கு.

அன்று பின்னேரமே எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அம்மா ஒருவர் படலையடிக்கு வந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனைக் கையளித்தவர். பேரப்பிள்ளையின் கைபேசியில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்திருக்கிறார். எந்தக் கடற்கரை என்று கேட்டார். உடுப்பு ஏதும் கிடந்ததா என்றும் கேட்டார். அது வேறு நாடு, 200 வருடத்துக்கு முந்திய கதை, விலங்கின் எலும்பு என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நா வறண்டுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். உடனே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் மேரி அனிங்கின் வாழ்க்கையை ஆறுதலாக வாசித்தேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் டோர்செட் மாவட்டத்திலுள்ள சிறு துறைமுக ஊர் லைம் ரெஜிஸ். 1799 மே 21ஆம் திகதி மேரி அங்கே பிறந்தார். தந்தை ரிச்சர்ட் தளபாடம் செய்யும் தச்சர். பிறந்த பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மேரியும் அண்ணன் ஜோசப்பும் மாத்திரம்தான். மேரி என்ற பெயர்கூட, அவர் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர் தீயில் கருகி இறந்த அக்காவின் பெயர். மேரிக்கு 15 மாதமாக இருக்கும்போது மரமொன்றில் மின்னல் விழுந்தது. கீழே நின்ற மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் வைத்திருந்த மேரி பிழைத்துக்கொண்டார்.

அந்த ஊர்க் கரையோரம் சுண்ணாம்புக் கல்லும் களியும் அடுக்கடுக்காகப் படிந்த செங்குத்துப் பாறைகளால் ஆனது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியில் படிந்த சேறு அது. மாரிப் புயலிலும் மண்சரிவிலும் பாறை உடையும்போது உயிர்ச்சுவடுகள் வெளியே தெரியும். அடுத்த அலை அடித்துக்கொண்டு போவதற்கு முன்னர் அவற்றை எடுத்துவிட வேண்டும். தந்தை இரண்டு பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கினார். சுருள் வடிவ ஓடுகளைப் பாம்புக்கல் என்று சொல்லி, கடற்கரைக்கு வரும் பயணிகளுக்கு விற்றார்கள். விளையாட்டுப் பெயர் வைத்துக் கல் விற்பது அந்த ஊரில் ஏற்கெனவே வழக்கம்.

1810இல் தந்தை இறந்தார். அவர் விட்டுப்போனது 120 பவுண் கடன். குடும்பம் ஊர்த் தேவாலயப் பங்கு வழங்கும் ஏழைகள் உதவியில் சீவித்தது. நாங்கள் பிச்சைச் சம்பளம் என்று சொல்வோமே, அந்த மாதிரி.

அடுத்த வருடம் ஜோசப் பாறையில் நான்கு அடி நீளமான தலையோடு ஒன்றைக் கண்டார். முதலை என்றே எல்லோரும் நினைத்தார்கள். மிகுதி உடலைத் தேடிக்கொண்டே இருந்த மேரி 1812இல் அதைக் கண்டுபிடித்தார். கூலியாட்களை வைத்து வெட்டி எடுத்து, ஊரின் நிலப்பிரபு ஒருவருக்கு ஏறக்குறைய 23 பவுணுக்கு விற்றார்கள். அது இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1819இல் ஏலத்துக்கு வந்தபோதும் கல்லாகிப்போன முதலை என்றுதான் பட்டியலில் இருந்தது. பிரித்தானிய நூதனசாலை அதை 45 பவுணுக்கு வாங்கியது.

அது முதலை இல்லை. துடுப்புப் போன்ற அவயவங்களோடு கடலில் வாழ்ந்து, அடியோடு அழிந்துபோன ஊர்வன. பின்னர் இக்தியோசோர், அதாவது மீன்பல்லி, என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதைப் பற்றி 1814இலிருந்து வரிசையாக ஆய்வுரைகள் வெளியிட்ட அறுவை வைத்தியர் எவரார்ட் ஹோம், கண்டெடுத்த மேரியின் பெயரை எங்கும் எழுதவில்லை. முதலை என்ற பிழையைப் பின்னர் திருத்தினார்கள். பெயரை விட்ட பிழையைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை.

1823இல் மேரி நீண்ட கழுத்துடைய பிளெசியோசோரின் முழு எலும்புக்கூட்டை எடுத்தார். இவ்வளவு நீளக் கழுத்து இருக்க முடியாது என்று பாரிஸின் பெரும் விஞ்ஞானி குவியே சந்தேகப்பட்டார். வேறு வேறு எலும்புகளை ஒட்டி ஏமாற்றினார் என்று முடிவானால் மேரியின் பிழைப்பு அத்தோடு முடிந்திருக்கும். 1824இல் இலண்டன் புவிச்சரிதவியல் சங்கம் கூடி ஆராய்ந்து அது உண்மையானது என்றது. குவியேயும் தன் பிழையை ஏற்றார். அந்தக் கூட்டத்தில் மேரிக்கு இடமில்லை. எலும்புக்கூட்டைப் பற்றிப் பேசிய கொனிபியர் அவருடைய பெயரையும் சொல்லவில்லை.

மேரிக்குப் பெரிய படிப்பு இல்லை. ஆய்வுக் கட்டுரைகளை இரவல் வாங்கிக் கையால் பிரதி எடுத்தார். உடலமைப்பு விளங்க மீனையும் கணவாயையும் வெட்டிப் பார்த்தார். 1828இல் பறக்கும் ஊர்வன ஒன்றின் எலும்புகளைக் கண்டெடுத்தார். இக்தியோசோர்களின் வயிற்றுப் பகுதியில் காணப்பட்ட விசித்திரக் கற்களுக்குள் மீன் எலும்பு இருப்பதைக் கவனித்தவரும் அவர்தான். அவை கல்லாகிய மலம் என்று அறிவித்த புகழ் ஒக்ஸ்போட் பேராசிரியர் பக்லண்டுக்குப் போனது.

1833இல் மண்சரிவு ஒன்று அவருடைய நாயைக் கண்ணெதிரே மூடியது. அவர் மயிரிழையில் தப்பினார். பிறகு சேமிப்பையும் இழந்தார். பக்லண்ட் முயன்று வருடத்துக்கு 25 பவுண் உதவித்தொகை எடுத்துக் கொடுத்தார். கடைசிக் காலத்தில் மார்புப் புற்றுநோய் வந்தது. வலிக்கு எடுத்த மருந்தின் மயக்கத்தைக் குடி என்று ஊரில் கதைத்தார்கள். 1847 மார்ச் 9ஆம் திகதி, 47 வயதில் இறந்தார். புவிச்சரிதவியல் சங்கம் முதன்முதலில் பெண்களை அங்கத்தவராகச் சேர்த்தது 1919இல். லைம் ரெஜிஸில் அவருக்குச் சிலை வைத்தது 2022இல்.

எலும்பைப் பற்றி எழுதும்போது எங்கே, எப்போது, எதனுடையது, யார் எடுத்தார் என்ற நான்கையும் மறைக்கக் கூடாது என்று இப்போது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். அந்தக் கட்டுரைக்கு மீண்டும் வரி எழுதினேன். இங்கிலாந்தின் லைம் ரெஜிஸில், 1812இல், மேரி அனிங் என்ற சிறுமி கண்ட கடல் ஊர்வனவின் எலும்புகள். அழுத்திப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டு, கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, புருசன் செத்த பிறகு அந்தப் பிள்ளையின் தாய் என்ன செய்தார் என்று கேட்டார். தாய் மொலிதான் ஆரம்பத்தில் வியாபாரத்தை நடத்தினார் என்றேன். தர வேண்டிய காசைத் தரும்படி 1821இல் பிரித்தானிய நூதனசாலைக்கே கடிதம் எழுதினார் என்றேன்.

பதில் வந்ததா என்று கேட்டார்.