டூட்டி முடிந்த பிறகு: வில்லியம் கேரி ஐயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் நம்மிடையே அநேகர். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூர் கம்பெனிகளுக்குப் போய்வருகிறவர்களும் உண்டு. வேதம் வாசிக்கவே நேரம் கிடைக்கல, இதில் எழுதுவது எங்கே என்று சலித்துக்கொள்கிறோம். நியாயந்தான். ஆனால் வங்காள மொழியில் வேதாகமத்தைத் தந்த வில்லியம் கேரி ஐயரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரே. மிஷனெரி என்றால் முழுநேரமும் ஊழியம்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

1761-ல் இங்கிலாந்தில் பிறந்த இவருக்கு முதல் பிழைப்பு செருப்புத் தைப்பது. தோலும் ஊசியும் கிடக்கிற பலகையில் பக்கத்திலேயே ஒரு புத்தகமும் இருக்கும். லத்தீன், கிரேக்கு, எபிரெயு எல்லாம் இப்படித்தான் வந்தன. 1793-ல் வங்காளம் வந்தார். கையில் காசு இல்லை. 1794-ல் மட்னாபாட்டி என்கிற ஊரில் அவுரித் தொழிற்சாலைக்கு மேனேஜர் ஆனார். சம்பளம் மாதம் 200 ரூபாய். அவுரிச் செடியைத் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரைக் கலக்கி அடித்து, அடியில் படிகிற நீலத்தைக் காய்ச்சி உலர்த்துகிற வேலை. அது வருஷத்தில் மூன்று மாதம்தான் மும்முரம். மற்ற மாதங்களை அவர் தூங்கிக் கழிக்கவில்லை. 1797-க்குள் வங்காளப் புதிய ஏற்பாடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1801-ல் செராம்பூர் அச்சகத்தில் அது புத்தகமாயிற்று.

அதே 1801-ல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளம் கற்பிக்கிற வேலை கிடைத்தது. மாதம் 500 ரூபாய். அதை மிஷனின் பொதுப் பணத்தில் சேர்த்துவிடுவார். வாரத்தில் சில நாள் கல்கத்தாவில், மற்ற நாள் செராம்பூரில். நமக்கு ரயில், அவருக்கு ஹூக்ளி ஆற்றில் படகு, அவ்வளவுதான் வித்தியாசம். ஏறக்குறைய முப்பது வருஷம் இந்த உத்தியோகத்தில் இருந்தார்.

1806 ஜூனில் தன்னுடைய ஒரு நாளை நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். காலை 5.45-க்கு எழுந்திருக்கிறார். எபிரெய வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு 7 மணி வரை தனி ஜெபம். அதன்பின் வேலைக்காரரோடு வங்காளத்தில் குடும்ப ஜெபம். தேநீர் ஊற்றுகிற அந்த நேரத்திலும் முன்ஷியோடு பாரசீகம். காலை ஆகாரத்துக்குப் பிறகு 10 மணி வரை பண்டிதரோடு சமஸ்கிருத ராமாயண மொழிபெயர்ப்பு. (மிஷனெரிக்கு ராமாயணம் எதற்கு என்று கேட்கலாம். அதில் வந்த பணம் வேத மொழிபெயர்ப்புக்கு உதவியது.) 10 முதல் ஏறக்குறைய 2 மணி வரை கல்லூரி. வந்ததும் வங்காள எரேமியாவின் ப்ரூஃப் திருத்தம். சாப்பாடு. பிறகு கல்லூரியின் தலைமைப் பண்டிதரோடு மத்தேயு 8-ம் அதிகாரம் சமஸ்கிருதத்தில், 6 மணி வரை. 6 மணிக்கு மேல் ஒரு தெலுங்குப் பண்டிதர் வந்து உட்காருகிறார். 7.30-க்குப் பிரசங்கம். 9 மணிக்கு எல்லாரும் போன பிறகு எசேக்கியேல் 11-ம் அதிகாரம் வங்காளத்தில். 11 மணிவாக்கில்தான் அந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தார். படுக்கப்போகுமுன் கிரேக்குப் புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம்.

கல்லூரி அவருக்கு இடைஞ்சலாயிருந்தது என்று எண்ணாதிருங்கள். அந்த உத்தியோகம் இல்லாவிட்டால் அத்தனை பண்டிதர்கள் எங்கே கிடைத்திருப்பார்கள்? தன்னிடம் விசேஷித்த திறமை எதுவுமில்லை, விடாமல் உழைக்கத்தான் தெரியும் என்பதே அவர் தன்னைப்பற்றிக் கொண்டிருந்த எண்ணம்.

வீட்டுக் கதையையும் மறைக்கக்கூடாது. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். மனைவி டாரதி அம்மாள் புத்தி பேதலித்து, 1807-ல் மரிக்கும்வரை சுகப்படவில்லை. அந்த அம்மாள் ஒரு அறையில் சத்தமிட, அடுத்த அறையில் இவர் எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்க நேரம் ஒதுக்கவில்லை. சக ஊழியர் வார்டும் மார்ஷ்மன் அம்மாளும்தான் அந்தப் பையன்களைத் திருத்தி எடுத்தார்கள். அவருடைய கால அட்டவணையில் இந்த இடம் காலியாகவே இருந்தது, இதை நாம் மெச்ச முடியாது.

1812 மார்ச் 11 இரவு செராம்பூர் அச்சகம் தீப்பற்றியது. வருஷக்கணக்காக எழுதிய கையெழுத்துப் பிரதிகள், பன்மொழி அகராதி, எழுத்து அச்சுகள், காகிதம் எல்லாம் சாம்பல். அச்சு யந்திரங்கள் தப்பின. கல்கத்தாவிலிருந்த கேரிக்கு மறுநாள் மார்ஷ்மன் வந்துதான் சொன்னார். அழுதார். பிறகு முன்போலவே விடியற்காலையில் எழுந்து, எரிந்துபோனதை முதல் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். ஒருமுறை நடந்த வழி மறுமுறை சுலபமாயிருக்கும் என்று நம்பினார். உருகிக் கிடந்த ஈயத்தை வேலையாட்கள் திரும்ப எழுத்துகளாக வார்த்தார்கள்.

மாலை 6 மணிக்கு மேல் அந்தப் பண்டிதரோடு படித்த தெலுங்குக்கு, 1814-ல் கேரி எழுதிய இலக்கணப் புத்தகம் செராம்பூரில் அச்சாகி வந்தது.