கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாமே நீலமா தெரிஞ்சது! ஓவியர் மோனேவுக்கு என்ன ஆச்சு?

அல்லிக்குளத்தை வரைந்து உலகப் புகழ் பெற்றவர் பிரான்ஸ் ஓவியர் க்ளாட் மோனே. நிறங்களோடவே வாழ்ந்த இவருக்குக் கண்புரை வந்தது. ஆபரேஷன் முடிந்தும், பார்வை திருப்தியாக வர சுமார் இரண்டரை வருஷம் ஆனது. ஏன்?

யார் இந்த மோனே?

1840-ல் பாரிஸில் பிறந்தவர். 1874 கண்காட்சியில் இவர் வைத்த சூரிய உதய ஓவியத்தால்தான் 'இம்ப்ரஷனிசம்' என்ற பாணிக்கே பெயர் வந்தது. 1883-ல் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறியவர், பிறகு அங்கேயே குளம் வெட்டி அல்லி வளர்த்தார்.

10 வருஷம் தள்ளிப்போட்டது ஏன்?

1912-ல் இரண்டு கண்ணிலும் கண்புரை என்று தெரிந்தது. ஆனால் ஆபரேஷன் என்றாலே மோனேவுக்குப் பயம். சக ஓவியர் மேரி கசாட்டுக்கு அது பலன் தராததும் பயத்தைக் கூட்டியது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல், பெயின்ட் ட்யூபில் இருந்த லேபிளை நம்பி வரைந்தார்.

1922-ல் வலது கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து கொஞ்ச நாள்தான் கைகொடுத்தது. நண்பரும் முன்னாள் பிரதமருமான க்ளெமான்சோ ஒரு டாக்டர். அவர் வற்புறுத்தவே, 1923 ஜனவரியில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது.

பிறகு என்ன நடந்தது?

கண்ணைக் கட்டி, தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்க வேண்டியிருந்தது. மோனேவுக்குப் பொறுமை இல்லை. பின்சவ்வு மங்கியதால் ஜூலையில் மறுபடியும் சிகிச்சை. தடிமனான கண்ணாடி போட்டால் உருவங்கள் கோணலாகத் தெரிந்தன. நிறமோ முதலில் மஞ்சள், அப்புறம் நீலம்!

காரணம் இதுதான். கண்புரை லென்ஸ் பழுப்பேறி நீல ஒளியைத் தடுக்கும். அதை எடுத்ததும் நீலம் மொத்தமாக உள்ளே வரும். நிறம் பூசிய கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்ட பிறகு, 1925-ல் பார்வை தெளிந்தது. இடது கண்ணில் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அல்லி ஓவியங்களைத் திருத்தி முடித்தவர், 1926 டிசம்பரில் 86 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டே அவை பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வந்தன.

இப்போ என்ன மாறியிருக்கு?

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் 1949-ல்தான் வந்தது. ஹெரால்டு ரிட்லி லண்டனில் முதல்முறையாகப் பொருத்தினார். இன்று பின்சவ்வு மங்கினால் சில நிமிட லேசர் போதும். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் கண் வறண்டு பார்வை மங்கும். வழக்கமான சொட்டு மருந்துக்கு அடங்காத கடும் வறட்சிக்கு, நோயாளியின் ரத்தத்திலிருந்தே சீரம் பிரித்துத் தயாரிக்கும் சொட்டு மருந்தும் இருக்கு. கண்ணின் மேற்பரப்பு ஆற உதவும் புரதங்கள் அதில் உண்டு. டாக்டர் சொன்னால் மட்டுமே இதைப் பயன்படுத்தணும்.

வீட்டுப் பெரியவங்க ஆபரேஷன் முடிஞ்சு எல்லாம் நீலமா தெரியுதுன்னு சொன்னா பதற வேண்டாம். பெரும்பாலும் போகப்போகப் பழகிடும். ஆனா வலி, சிவப்பு, திடீர் மங்கல் இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க.