திரைக்குப் பின்னால் அமர்ந்த மாணவி

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையோரம் சீருடை அணிந்த மாணவர்கள் பள்ளிக்குச் செல்வதை ஒவ்வொரு காலையும் காணலாம். வகுப்பறையில் தமக்கு இடம் உண்டா என்ற ஐயம் அவர்களுக்கு எழுவதில்லை. ஆனால், 120 ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் ஒரு மாணவிக்கு அந்த இடமே மறுக்கப்படும் நிலை இருந்தது. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தார். புதுக்கோட்டை அப்போது மன்னராட்சியின்கீழ் இருந்தது. தந்தை நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பருவம் எய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஆதலால், முத்துலட்சுமி வீட்டிலிருந்தவாறே பாடங்களைக் கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் தேர்ச்சி பெற்றார்.

மேற்கொண்டு படிக்க விரும்பிய அவர், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஒரு பெண் வகுப்பில் இருந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். தாயாரின் குலத்தைச் சுட்டிக்காட்டி மறுத்தனர் வேறு சிலர். தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடப் போவதாகப் பெற்றோர் சிலர் அச்சுறுத்தினர். ஒழுங்கைக் காப்பதற்காகவே இவ்வாறு கூறுவதாக அவர்கள் எண்ணினர். ஆனால், முத்துலட்சுமி எந்த விதியையும் மீறவில்லை. அவர் பெண்ணாகப் பிறந்ததும், அந்தத் தாய்க்குப் பிறந்ததுமே குற்றங்களாகக் கருதப்பட்டன.

மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் இந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. மாணவியைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார், உதவித்தொகையும் வழங்கினார். எனினும், முத்துலட்சுமி மூடிய வண்டியில்தான் கல்லூரிக்குச் சென்றுவர வேண்டியிருந்தது. வகுப்பில் மற்ற மாணவர்கள் பார்க்காதபடி ஒரு திரை தொங்கவிடப்பட்டது. அவர் அதன் பின்னால் அமர்ந்தே பாடம் கேட்டார். கல்லூரியில் இடம் கிடைத்த பிறகும், வகுப்பறைக்கு உள்ளேயே அவர் ஒதுக்கி வைக்கப்பட்டார்.

அத்திரை அவருடைய கல்வியைத் தடுக்கவில்லை. 1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். பின்னர், சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கு அயராது வாதாடினார். இந்தியாவின் கல்வி வளர்ச்சியை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராகப் பணியாற்றினார்.

1930-ஆம் ஆண்டு வாக்கில், தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சில சிறுமியர் அவரிடம் அடைக்கலம் கேட்டு வந்தனர். குலத்தைக் காரணம் காட்டி, மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்திருந்தன. தாம் முன்பு சந்தித்த அதே தடையை முத்துலட்சுமி மீண்டும் கண்டார். அச்சிறுமியரைத் தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். அதுவே ஆதரவற்ற பெண்களுக்குக் கல்வி அளிக்கும் ஔவை இல்லமாக வளர்ந்தது. புற்றுநோயால் தங்கையை இழந்த துயரம், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்ற வழிவகுத்தது. 1956-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

முத்துலட்சுமியின் வாழ்க்கை பள்ளி ஒழுங்கைப் பற்றியும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பிறருடைய கற்றலுக்கு இடையூறு செய்யும் மாணவரைச் சிறிது நேரம் வகுப்பிலிருந்து விலக்கி வைக்கும் தேவை சில வேளைகளில் எழலாம். ஆனால், அம்முடிவு மாணவர் செய்த செயலைப் பொறுத்து அமைய வேண்டும். அவருடைய இனம், பால், குடும்பம் ஆகியவற்றைப் பொறுத்து அமையக் கூடாது. காரணத்தை மாணவருக்குத் தெளிவாகக் கூறுவதும், அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்பதும், தவறிய பாடத்தைத் தொடர வழி செய்வதும் நேர்மையான நடவடிக்கையின் கூறுகளாகும். 1989-ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுச் சிறுவர் உரிமை ஒப்பந்தமும், சிறுவரின் கருத்து கேட்கப்பட வேண்டும் என்றும், பள்ளிக் கட்டொழுங்கு அவர்களின் மாண்பைக் காக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. மலேசியா 1995-இல் அவ்வொப்பந்தத்தில் இணைந்தது.

புதுக்கோட்டையில் அன்று எதிர்ப்பாளர்களின் சொல் வென்றிருந்தால், ஒரு மாணவியின் படிப்பு மட்டும் நின்றிருக்காது. ஔவை இல்லத்துச் சிறுமியரும், அடையாற்று மருத்துவமனையை நாடி வந்த நோயாளிகளும் தங்களுக்கு உதவிய ஒருவரை இழந்திருப்பார்கள். வகுப்பறைக் கதவை ஒரு மாணவருக்கு மூடுமுன், அவர் கூறுவதைக் கேட்பது நம் கடமை.