கேள்வி கேட்ட கைதி



எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி, விசாரிக்கணும்னு அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். எதற்குப் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெருவில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. போன வருஷம் ஏ.கே. கோபாலனின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

கோபாலன் 1904-ல் கண்ணூர் பக்கத்தில் பெரளசேரியில் பிறந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகவேண்டும் என்று 1931-ல் தொடங்கிய குருவாயூர் சத்தியாகிரகத்தில் தொண்டர்களுக்குத் தலைவராக நின்று அடி வாங்கினார். 1936-ல் கண்ணூரிலிருந்து சென்னை வரை நடந்தே பட்டினி ஊர்வலம் நடத்தி வந்தார். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். 1941-ல் வேலூர் சிறையிலிருந்து தப்பினார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று ஊரெல்லாம் கொடியேற்றியபோது இவர் கண்ணூர் சிறையில் இருந்தார். வெளியே வந்த கொஞ்ச நாளில், அதே டிசம்பரில், மறுபடி உள்ளே போட்டார்கள். கொடுத்த தண்டனைகள் ரத்தான பிறகும் விடவில்லை. 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டமும் வந்தது. மார்ச் 1-ந் தேதி, காவலில் இருந்தவர் கையிலேயே அந்தச் சட்டப்படி புது உத்தரவைக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். வெள்ளைக்காரன் ஆட்சியில் சிறையிலிருந்து தப்பியோடின மனுஷன், நம்ம ஆட்சியில் என்ன செய்தார்? 32-வது பிரிவைப் பிடித்துக்கொண்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அரசியலமைப்பு வந்த சூடு ஆறுவதற்குள், அதன் எல்லைக்குள் அரசாங்கம் நிற்கிறதா என்று ஒரு கைதி கேட்டுவிட்டார்!

1950 மே 19-ல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளில் பெரும்பாலோர் சட்டம் செல்லும் என்றார்கள். கோபாலன் தோற்றார். ஆனால் காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்தில்கூடச் சொல்லக்கூடாது என்ற 14-வது பிரிவு அடிபட்டுப் போனது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1970-ல் வங்கி தேசியமய வழக்கில், 1950-ன் பார்வை தவறு என்று உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில், ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்று உறுதியானது. அன்றைக்கு அவர் கேட்காமல் விட்டிருந்தால், பின்னால் திருத்துவதற்கு ஒரு தீர்ப்பே இருந்திருக்காது.

1952 முதல் ஐந்து முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோது அவையிலேயே எதிர்த்துப் பேசினார். 1977 மார்ச் 21-ல் நெருக்கடி நிலை நீங்கியது. மறுநாள் அவர் காலமானார். 1978 தீர்ப்பை அவர் பார்க்கவில்லை. அவருடைய கட்சி பிடிக்காதவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பயன்படுகிறது.

நான் மெக்கானிக்கல் மாணவன். பாய்லரில் சேஃப்டி வால்வு இருந்தால் மட்டும் போதாது; அப்பப்போ லீவரைத் தூக்கிப் பார்க்கணும், இல்லேன்னா இறுகிப்போகும் என்று வகுப்பில் படிக்கிறோம். சட்டமும் அப்படித்தான். அந்த லீவரைத் தூக்க வேண்டியது நாம்தான்.

சாதாரணமாகக் கைது செய்தால் காரணம் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும், வக்கீலைப் பார்க்க விடவேண்டும். இது 22-வது பிரிவு. பொங்கல் லீவில் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு, அது எத்தனாவது பிரிவு என்று மட்டும் மறுபடி கேட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.